‘மாத்திரை எல்லாம் கரெக்டா போடுறேன் டாக்டர்’

வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருக்கும் சர்க்கரை நோயாளியிடம், விரலைக் குத்திப் பார்த்த அளவைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்வது வழக்கம். நிஜமாகவே மூன்று மாதம் எழுதப்பட்ட நோட்டு கொஞ்சம் அழுக்காக இருக்கும். நடுவில் பேனா மாறியிருக்கும். ஏதோ ஒரு பக்கத்தில் காய்ந்த ரத்தப் பொட்டு இருக்கும். 137, 162, 209, 94 என்று எண்கள் ஏறி இறங்கும். ஊருக்குப் போன நாலு நாள் காலியாகக் கிடக்கும். டாக்டரைப் பார்க்கப் போகிற அன்று காலையில் உட்கார்ந்து எழுதிய நோட்டு வேறு மாதிரி. ஒரே மை, ஒரே சாய்வு, ஒரு நாள்கூட விடுபடாத பட்டியல். 110, 120, 115, 120. எந்த மீட்டரும் தினமும் பூஜ்யத்திலும் ஐந்திலுமே முடிக்காது. மனிதன்தான் முடிப்பான்.

இது நம்மூருக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை, இன்று நேற்று வந்ததும் இல்லை. நினைவகம் உள்ள மீட்டர்கள் புதிதாக வந்த காலத்தில், அளவுகளை அது தானே பதிந்துகொள்ளும் என்று சொல்லாமல் நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 1984-ல் வெளியான அந்த அமெரிக்க ஆய்வில், பார்க்கவே பார்க்காத அளவுகள் நோட்டில் இருந்தன. பார்த்த சில அளவுகள் நோட்டுக்கு வரவே இல்லை. இன்ஹேலர் கதை இன்னும் வேடிக்கை. எப்போது அழுத்தப்பட்டது என்று நேரத்தோடு பதியும் கருவியை இன்ஹேலரில் பொருத்தி, 1992-ல் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 14 சதவீதம் பேர் மூன்றே மணி நேரத்துக்குள் நூறு முறைக்கு மேல் அழுத்தியிருந்தார்கள், அதுவும் மறு பரிசோதனைக்குப் போவதற்குச் சற்று முன்னால். மருந்து காற்றில் போனாலும் டப்பா காலியாகக் காட்ட வேண்டுமே!

மனிதர்கள் ஏன் பொய் சொல்கிறார்கள் என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. காசுக்காக ஏமாற்றுபவன் ஏன் ஏமாற்றுகிறான் என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. இங்கே ஒருவர் டோக்கன் வாங்கி, இரண்டு மணி நேரம் காத்திருந்து, கைக்காசை ஃபீஸாகக் கொடுத்து, தன் உடம்பைப் பற்றித் தனக்கு உதவ உட்கார்ந்திருக்கும் ஆளிடமே பொய் சொல்கிறார். லாபம் ஒரு பைசா இல்லை. லாபத்தைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்க்கலாம்.

அமெரிக்காவில் சுமார் 4,500 பேரிடம் இரண்டு கணக்கெடுப்புகளாகக் கேட்டு 2018-ல் வெளியிட்டார்கள். டாக்டரிடம் எதையாவது மறைத்ததாக ஒப்புக்கொண்டவர்கள் ஒன்றில் 81 சதவீதம், இன்னொன்றில் 61 சதவீதம். காரணம் கேட்டபோது முதலில் வந்தது, ‘என்னைத் தப்பாக நினைப்பார், லெக்சர் கொடுப்பார்’. அடுத்தது, ‘நான் செய்வது எவ்வளவு கெடுதல் என்று கேட்க எனக்கு விருப்பமில்லை’. அதற்கடுத்தது வெட்கம். மூன்றுமே முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் சமாசாரம். நம்மூர் பாஷையில் சொன்னால், திட்டு வாங்காமல் வெளியே வர வேண்டும்.

தகவல் தொடர்பியல் பேராசிரியர் திமொத்தி லெவினும் உடன் ஆய்வாளர்களும் 2010-ல் இதைச் சோதனையாகவே செய்து காட்டினார்கள். உண்மையே வேலையை முடித்துக் கொடுக்கும் சூழ்நிலைகளில் பொய் சொன்னவர் அநேகமாக எவருமில்லை. உண்மை இடைஞ்சலாக நின்ற சூழ்நிலைகளில்தான் பொய் வந்தது. கேட்க மிகச் சாதாரணமாக இருக்கிறது, ஆனால் ‘அவன் பொய்யன்’ என்று குணத்தின் மேல் பழி போடும் நம் பழக்கத்தை இது கொஞ்சம் ஆட்டிப் பார்க்கிறது. எங்கே உண்மைக்கு அபராதம் விதிக்கப்படுகிறதோ அங்கே பொய் முளைக்கிறது என்றால், அபராதம் விதிப்பவருக்கும் அதில் பங்கு உண்டு.

பழக்கமாகப் பொய் சொல்பவர்கள் இல்லாமல் இல்லை. ஆயிரம் அமெரிக்கர்களிடம் ‘கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பொய்’ என்று கேட்ட 2010 ஆய்வில், சராசரி 1.65 என்று வந்தது. சராசரியை நம்பி ‘எல்லோரும் தினமும் ஒன்றரைப் பொய்’ என்று எழுதுபவர்கள் அதே ஆய்வின் அடுத்த வரியைப் படிப்பதில்லை: ஏறக்குறைய 60 சதவீதம் பேர் அன்று ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, மொத்தப் பொய்களில் கிட்டத்தட்டப் பாதியை வெறும் 5 சதவீதம் பேர் சொல்லியிருந்தார்கள். அந்த 5 சதவீதம் தனிக் கதை. மீதிப் பேரைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

மீதிப் பேர் பொய் சொல்லும்போதும் ஒரு கை அளவோடுதான் சொல்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் நடந்த, 2013-ல் வெளியான சோதனை ஒன்று உண்டு. ஆளுக்கொரு தாயக்கட்டை. மறைவாக உருட்ட வேண்டும்; விழுந்ததை உருட்டியவர் மட்டும் பார்க்கலாம். 1 விழுந்தால் 1 ஃபிராங்க், 5 விழுந்தால் 5 ஃபிராங்க், 6 விழுந்தால் மட்டும் ஒன்றுமில்லை. என்ன விழுந்தது என்று அவர்களே சொல்லிவிட்டுக் காசு வாங்கிக்கொள்ளலாம், யாரும் சரிபார்க்க மாட்டார்கள். நேர்மையாகச் சொன்னால் ஒவ்வொரு எண்ணும் 16.7 சதவீதம் வர வேண்டும். 5 என்று சொன்னவர்கள் சுமார் 35 சதவீதம். அது எதிர்பார்த்ததுதான். கவனிக்க வேண்டியது 4: அதைச் சொன்னவர்களும் சுமார் 27 சதவீதம். பொய் என்று முடிவு செய்தபின் 5 என்றே சொல்லலாமே? சொல்ல மாட்டார்கள். 5 என்றால் பார்ப்பவர் சந்தேகப்படுவார். அதைவிட முக்கியம், தன் கண்ணுக்கே தான் திருடனாகத் தெரிவான். 4 என்றால் காசும் வந்தது, நல்லவன் என்ற பெயரும் போகவில்லை. இப்படிப்பட்ட சோதனைகள் 90-ஐச் சேர்த்து, 47 நாடுகளில் சுமார் 44,000 பேரின் முடிவுகளைப் பார்த்தபோது, பொய் சொல்லி அள்ளியிருக்கக்கூடிய காசில் முக்கால் பங்கை மக்கள் அள்ளாமலே விட்டிருந்தார்கள்.

டாக்டர் அறையில் இந்த 4-ஐ நாள் முழுக்கக் கேட்கலாம். ‘மாத்திரையா, தொடறதே இல்ல’ என்று யாரும் சொல்வதில்லை. ‘எப்பவாவது ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும்.’ குடிப்பவர், ‘ஃபங்ஷன்னா மட்டும்.’ புகைப்பவர், ‘குறைச்சுட்டேன் சார்.’ எல்லாமே 4.

அதைவிட நுட்பமானது ஒன்று இருக்கிறது. ‘காலையிலகூட மாத்திரை போட்டுட்டுத்தான் வந்தேன்.’ இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இன்று போட்டிருக்கிறார். கேட்பவர் மனத்தில் ‘தினமும் போடுகிறார்’ என்ற படம் விழுந்தால் அது அவர் பாடு. மகாபாரதத்தில் தருமர் செய்தது இதுதான்: அசுவத்தாமன் இறந்தான் என்று உரக்கச் சொல்லி, யானை என்ற சொல்லை மட்டும் துரோணர் காதில் விழாமல் சொன்னார். தரையில் படாமல் நான்கு விரற்கடை மேலே ஓடிக்கொண்டிருந்த அவருடைய தேர் அன்றைக்கு மண்ணில் இறங்கியது என்கிறது கதை. இன்றைய ஆய்வுகளிலும் அதே முரண்தான் தெரிகிறது: சொன்னவர் ‘நான் பொய் சொல்லவில்லை’ என்று நிம்மதியாக இருப்பார், விஷயம் வெளியே வந்தால் ஏமாந்தவர் அதை அப்பட்டமான பொய்யாகத்தான் எடுத்துக்கொள்வார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மூரில் நோயாளி தனியாக வருவது அபூர்வம். பக்கத்தில் மனைவி இருப்பார், பின்னால் மகன் நிற்பான். ‘ஸ்வீட் சாப்பிடுறீங்களா’ என்று டாக்டர் கேட்கும்போது, வருகிற பதில் பல சமயம் டாக்டருக்கே இல்லை. வீட்டுக்குப் போனால் இரவு முழுக்க அதே பேச்சாக ஓடும் என்பதால் மனைவிக்குச் சொல்லப்படும் பதில் அது. டாக்டர் எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும் அந்தப் பொய்யைத் தடுக்க முடியாது. பிரஷர் பார்க்கும் சாக்கில் இரண்டு நிமிடம் மற்றவர்களை வெளியே உட்காரச் சொன்னால் போதும்.

இத்தனை சின்னப் பொய்யால் என்ன குடி முழுகிவிடும்? கணக்கு இப்படி ஓடும். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை 1 மில்லிகிராம் எழுதிக் கொடுக்கிறார்கள். நோயாளி பாதி நாள்தான் போடுகிறார். சர்க்கரை குறையவில்லை. ‘கரெக்டா போடுறேன்’ என்கிறார். டாக்டரைப் பொறுத்தவரை மருந்து போதவில்லை என்றுதான் அர்த்தம். 2 ஆகிறது, அப்புறம் 4. அதையும் பாதி நாள். ஆறு மாதம் கழித்துக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். சீட்டில் இருக்கிறபடி நர்ஸ் 4 மில்லிகிராமையும் நேரம் தவறாமல் கொடுக்கிறார். காய்ச்சலில் சாப்பாடு இறங்கவில்லை. சர்க்கரை 70-க்குக் கீழே போகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, நினைவு தப்புகிறது. பிரஷர் மாத்திரையிலும் இதே விபத்து உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2003 அறிக்கைப்படி, வளர்ந்த நாடுகளிலேயே நீண்ட கால நோய்களுக்கு மருந்தைச் சொன்னபடி எடுப்பவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான். ஆக, சீட்டில் இருக்கும் டோஸை அப்படியே நம்புவது எப்போதுமே கொஞ்சம் ஆபத்தான வேலை.

மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனை வந்தபின் நோட்டு வித்தை எடுபடுவதில்லை. சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். அவற்றில் ஒட்டிய சர்க்கரையை இரண்டு நாள் பத்தியம் இருந்து கழற்ற முடியாது. எச்பிஏ1சி 9 சதவீதம் என்றால் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக ஏறத்தாழ 212. நோட்டில் எல்லாம் 120 என்று இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. ஆனால் இங்கே அவசரப்பட்டு ‘மாட்டினீரா’ என்று மேஜையைத் தட்டுவது தவறு. வெறும் வயிற்றில் மட்டுமே பார்ப்பவருக்குச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை நோட்டில் வராது. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். எண்கள் முரண்பட்டால் முதலில் ஹீமோகுளோபினையும் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவையும் பார்த்துவிட்டுத்தான் ஆளைப் பார்க்க வேண்டும்.

முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 75 நாடுகளில் கேட்டுப் பார்த்ததில் பெரும்பாலானோர் சொன்ன அடையாளம் ஒன்றுதான்: பொய் சொல்பவன் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான். அது தப்பு. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தீர்ப்புச் சொன்ன ஆய்வுகளை 2006-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரித்தது 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். அந்தக் காலத்தில் சந்தேகப்பட்டவன் வாயில் அரிசியைப் போட்டு மென்று துப்பச் சொல்வார்கள், உலர்ந்து வந்தால் பொய்யன். தர்ம சாஸ்திரங்களில்கூட அரிசிச் சோதனை ஒன்று உண்டு. பயத்தில் எச்சில் வறண்டுபோகும் என்பது உண்மை, ஆனால் நிரபராதிக்கும் பயம் உண்டே. பொய்யைக் கண்டுபிடிக்க இன்று வைத்திருக்கும் பாலிகிராஃப் இயந்திரத்தின் அடிப்படைச் சிக்கலும் அதேதான். சம்மதம் இல்லாமல் அதை யாருக்கும் செய்யக்கூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2010-ல், செல்வி வழக்கில் சொல்லிவிட்டது. நிஜ வாழ்க்கையில் பொய்கள் எப்படி வெளிப்பட்டன என்று கேட்ட ஆய்வில் கிடைத்த பதில்கள்: வேறு யாரோ சொன்னார்கள், ஏதோ தடயம் கிடைத்தது, அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பெரும்பாலும் அன்றைக்கே இல்லை, நாள்கணக்கில், மாதக்கணக்கில் கழித்து. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்று நம் ஆட்கள் போட்ட கணக்கு கிட்டத்தட்டச் சரி.

இந்தப் பயம் எங்கே படிந்தது என்று பார்க்கக் குழந்தைகளிடம் போக வேண்டும். கனடாவின் உளவியலாளர்கள் விக்டோரியா தல்வாரும் கேங் லீயும் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளில் செய்த சோதனை 2011-ல் வெளியானது. ஒன்றில் தப்புக்கு அடி, கிள்ளு, பிரம்பு. இன்னொன்றில் கண்டிப்பு, அதிகம் போனால் தலைமையாசிரியர் அறை. மூன்று, நான்கு வயதுக் குழந்தையைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, பின்னால் ஒரு பொம்மையின் சத்தத்தைக் கேட்க வைத்து என்னவென்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கடைசிப் பொம்மைக்கும் அதன் சத்தத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ‘திரும்பிப் பார்க்கக்கூடாது’ என்று சொல்லிவிட்டுச் சோதனை நடத்துபவர் ஒரு நிமிடம் வெளியே போவார். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. ‘பார்த்தியா?’ என்று கேட்டபோது, பிரம்பு இல்லாத பள்ளியில் பாதிக்குச் சற்று மேல் ‘இல்லை’ என்றன. பிரம்புப் பள்ளியில் பார்த்த பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லாமே ‘இல்லை’ என்றன. அதோடு நிற்கவில்லை. ‘அப்படின்னா என்ன பொம்மையா இருக்கும்?’ என்ற அடுத்த கேள்வியில்தான் சின்னப் பிள்ளைகள் வழக்கமாக உளறும், பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட்டுப் பொம்மையின் பெயரையும் சொல்லிவிடும். பிரம்புப் பள்ளிப் பிள்ளைகள் வேண்டுமென்றே தப்பான பெயரைச் சொல்லித் தப்பித்தன. அடி பொய்யைக் குறைக்கவில்லை, பொய்க்குப் பயிற்சி கொடுத்தது.

‘புலி வருது’ கதை சொன்னால் திருந்தாதா? அதையும் சோதித்தார்கள், அங்கே புலிக்குப் பதில் ஓநாய். பொய் சொன்ன பையனுக்குக் கெட்டது நடக்கும் கதையைக் கேட்ட பிள்ளைகளும் சம்பந்தமில்லாத கதையைக் கேட்ட பிள்ளைகளும் ஒரே அளவு பொய் சொன்னார்கள். மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்ட சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டனை அப்பா மெச்சிய கதை மட்டும் வேலை செய்தது. அதிலும் முடிவை மாற்றி, பொய் சொன்ன பையனுக்குக் கெட்டது நடந்ததாகச் சொன்னபோது அந்தப் பலனும் போய்விட்டது. கீழே உடைந்த டம்ளர் கிடக்க, ‘யாரு உடைச்சது?’ என்று பெல்ட்டோடு நிற்கும் அப்பா, பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டு ஒரு பொய்யைக் கூடுதலாக வரவழைக்கிறார். ‘டம்ளர் உடைஞ்சிருக்கு, துடைப்பத்தை எடுத்துட்டு வா, சேர்ந்து கூட்டலாம்’ என்றால் பொய்க்கு இடமே கிடையாது.

கேள்வியின் வாக்கிய அமைப்பே எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. பழைய ஐபாட் ஒன்றை விற்பவராக நடிக்கச் சொல்கிறார்கள். அது ஏற்கெனவே இரண்டு முறை பழுதாகி உள்ளே இருந்ததெல்லாம் அழிந்தது என்பது விற்பவருக்கு மட்டும் தெரியும். வாங்குபவர் ‘இதைப் பத்திச் சொல்லுங்க’ என்று பொதுவாகக் கேட்டால் பழுதைச் சொன்னவர்கள் 8 சதவீதம். ‘ஒண்ணும் பிரச்சினை இல்லையே?’ என்றால் 61. ‘இதுல என்ன பிரச்சினை இருக்கு?’ என்றால் 89. செகண்ட் ஹேண்ட் பைக் பார்க்கப் போகிறவர்கள் இந்த மூன்றாவது வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகலாம்.

‘மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடுறீங்கல்ல?’ என்பது இரண்டாவது ரகம். ‘ஆமா’ என்ற பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. மாற்றிக் கேட்பது இப்படி: ‘மூணு வேளை மாத்திரைன்னா நிறைய பேருக்கு விட்டுப்போகுது. போன ஏழு நாள்ல, 21 வேளையில எத்தனை விட்டிருக்கும்?’ முதல் வாக்கியம் அபராதத்தைக் கழற்றிவிடுகிறது. ஏழு நாள் என்பது நினைவில் நிற்கும் தூரம். ‘பொதுவா’ என்று கேட்டால் மனிதர் தன்னைப் பற்றிய நல்ல அபிப்பிராயத்தைத்தான் சொல்வார். எண்ணாகக் கேட்பதால் ‘ஒழுங்கா’, ‘எப்பவாவது’ போன்ற வழவழாச் சொற்களுக்கு வழியில்லை. முடிந்தால் மீதி மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவரச் சொல்லலாம். இதற்கு மாறாக, படிவத்தின் மேலேயே ‘நான் சொல்வது உண்மை’ என்று கையெழுத்து வாங்கினால் பொய் குறையும் என்ற யோசனையை இன்னும் சிலர் பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரமான 2012 கட்டுரையின் தரவே போலி என்று தெரிந்து 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. நேர்மை பற்றிய ஆய்வுக்கு இந்த கதி!

ஒரு கூட்டத்தில் எத்தனை பேர் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. புள்ளியியலாளர் ஸ்டான்லி வார்னர் 1965-ல் முன்வைத்த யோசனையின் எளிய வடிவம் இது. நூறு பேரிடம் ஆளுக்கொரு நாணயம். மறைவாகச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’. பூ விழுந்தால் உண்மை. ‘போன வாரம் மாத்திரை விட்டீர்களா?’ என்ற கேள்விக்கு 65 பேர் ‘ஆம்’ என்றால், அதில் சுமார் 50 நாணயம் சொன்னது. மீதி 15, பூ விழுந்த 50 பேரில். ஆக 30 சதவீதம். எந்தத் தனி ஆள் கையிலும் பிடிபட மாட்டார். பத்துப் பேர் உள்ள குழுவில் இதைச் செய்தால் நாணயத்தின் ஆட்டமே கணக்கை விழுங்கிவிடும். நூறாவது வேண்டும், அதிலும் பத்து சதவீதம்கூட இப்படி அப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தலை விழுந்தும் ‘ஆம்’ என்று சொல்ல மனம் வராதவர்களும் இருப்பார்கள்.

டாக்டர் அறையில் நாணயம் சுண்ட முடியாது. அங்கே எல்லாம் முதல் உண்மை வந்து விழுந்த பிறகு உள்ள ஐந்து வினாடியில் இருக்கிறது. ‘ஆறு வேளை விட்டுப்போச்சு’ என்று ஒருவர் சொன்னதும் புருவம் உயர்ந்தால், அடுத்த மாதம் அந்த எண் ‘ஒண்ணு ரெண்டு’ ஆகிவிடும். எழுதிக்கொண்டு, ‘எந்த வேளை விடுது?’ என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஒரே வேளைதான் திரும்பத் திரும்ப வரும். மதிய மாத்திரை. கட்டட வேலையில் இருப்பவர், சட்டைப் பையில் வைத்தால் வியர்வையில் ஊறிப்போகிறது. பஸ் கண்டக்டர், சாப்பாட்டு நேரம் தினம் ஒரு ஊரில். ஜவுளிக்கடைப் பெண், முதலாளிக்கு வியாதி தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். ஒரு வேளை மாத்திரையாக மாற்றிக் கொடுக்க முடியுமா என்று அப்புறம்தான் பார்க்க முடியும்.